சும்மா இருந்த நாள்

பிரயாணக் கட்டுரை எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. 'மறுநாள் அங்கேயே தங்கி இளைப்பாறினோம்' என்று ஒரு பகலையும் இரண்டு இரவுகளையும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அடுத்த வாக்கியத்தில் அடுத்த மலைமேல் ஏறிக்கொண்டிருப்பார்கள். கணவாய்க்கும் பனிக்கும் பஞ்சரான டயருக்கும் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கும். இளைப்பாறிய நாளுக்குக் கிடைப்பது ஒரு வரிதான். நான் இங்கே அதைத் தலைகீழாகச் செய்யப்போகிறேன். மலைக்கு ஒரு வரி, ஓய்வு நாளுக்கு மிச்சமெல்லாம். ஏனென்றால் அந்தப் பிரயாணத்தில் ஏதாவது நடந்தது என்றால், அது நாங்கள் எங்கேயும் போகாத அந்த நாளில்தான் நடந்தது.

மணாலியிலிருந்து லாஹூல் பள்ளத்தாக்கு வழியாக ஜான்ஸ்கர் போவதென்று ஓர் ஆகஸ்டு மாதம் நாலு பேர் கிளம்பினோம். ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள். என் பால்ய நண்பர் ஒருவர். பாங்கியில் வேலை, எதையும் இரண்டு தரம் கூட்டிப் பார்க்கிறவர். இன்னொருவர் காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவர். மூன்றாவது, என் அக்கா மகன். வயது இருபத்தாறு. தினம் காலையில் ஐந்து மைல் ஓடுகிற பிள்ளை. "உன்னை நம்பித்தான் அனுப்பறேன்" என்று அக்கா சொன்னது அவனிடமில்லை, என்னிடம்.

முன்பெல்லாம் மணாலியிலிருந்து லாஹூலுக்குப் போக ரோத்தங் கணவாயை ஏறி இறங்கவேண்டும். 3,978 மீட்டர் உயரம். சேறும் மூடுபனியும் லாரி வரிசையுமாகப் பாதி நாளை அது விழுங்கிவிடும். 2020 அக்டோபர் 3-ஆம் தேதி அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு அந்தக் கஷ்டம் இல்லை. மலையின் வயிற்றுக்குள்ளேயே 9.02 கிலோமீட்டர் போய் அந்தப் பக்கம் வந்துவிடலாம். மணாலிப் பக்கம் நாங்கள் நுழைந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. மறுபக்கம் வந்தால் பளீரென்று வெயில்! பருவமழை மேகங்களைப் பீர் பஞ்சால் மலைத்தொடர் மறித்துக்கொள்கிறது. வடக்கே இருப்பவர்களுக்குக் கிடைப்பது ஈரமில்லாத காற்றும் பனி உருகி வரும் தண்ணீரும்தான்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் கூடுகின்றன. சந்திரன் மகளும் சூரியன் மகனும் காதலித்துக் கலந்த இடம் என்று கதை சொல்கிறார்கள். கலந்த பிறகு பெயர் சந்திரபாகா; கீழே போகப் போகச் சீனாப். ஆறுகள் கூடுகிற ஊரின் பெயரை ஆங்கிலப் பலகையில் பார்த்த என் அக்கா மகன், "தாண்டி! ஊர்ப் பேரே தாண்டிப் போன்னு சொல்லுது மாமா" என்றான். பெட்ரோல் நிரப்பிக்கொண்டு தாண்டிப் போனோம். கேலாங் போயிற்று. காலைப் பலகாரத்தை மணாலியில் முடித்தவர்கள் பகல் சாப்பாட்டுக்கு ஜிஸ்பா வந்துவிட்டோம்.

ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மணாலியைவிட 1,100 மீட்டருக்குமேல் அதிகம். பாகா ஆற்றங்கரையில், வில்லோ மரங்களுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு கூடாரங்கள். உள்ளே கட்டில், கனத்த ரஜாய். ஒரு பக்கம் பட்டாணித் தோட்டம். எதிரே புல் பூண்டு இல்லாத மொட்டை மலை. அதற்குமேல் பனி.

பாங்கி நண்பர் தம் நோட்டுப் புத்தகத்தில் மறுநாளுக்கு எதிரே இரண்டே வார்த்தைகள் எழுதியிருந்தார்: 'ஜிஸ்பா. ஓய்வு.'

பௌதிக ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. "ஏன் சார், இந்த லீவுக்காகப் பிரின்ஸிபால் முன்னாடி எத்தனை தடவை நின்னேன் தெரியுமா? மூணு மணி நேரம் வண்டி ஓட்டினதுக்கு ஒரு நாள் ஓய்வா? ஆத்தைப் பார்த்துக்கிட்டு உட்காரத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா?" என்றார்.

நண்பர் அசையவில்லை. "மூவாயிரம் மீட்டரைத் தாண்டினப்புறம், தூங்கற இடத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல ஏத்தக்கூடாது. மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை ஒரு நாள் நிக்கணும். டாக்டருங்க சொல்ற கணக்கு இது. நாம ஒரே நாள்ல ஆயிரம் மீட்டர் ஏறிட்டோம். அடுத்தது ஷிங்கு லா, ஐயாயிரத்துத் தொண்ணூறு மீட்டர். நாளைக்கு நிக்கத்தான் வேணும்" என்றார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சுரங்கம் வந்ததும் சாலை குறுகிவிட்டது. மணாலிக்கும் கேலாங்குக்கும் நடுவே 46 கிலோமீட்டர் மிச்சம். ஆனால் நம்முடைய ரத்தத்துக்குச் சுரங்கம் தோண்டியது தெரியாது. ஜிஸ்பா உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஷிங்கு லாவில் பாதியைவிடச் சற்றுக் கூட. மெரினாக் காற்றில் வளர்ந்த உடம்பு இதற்கு என்ன செய்யும்? முதலில் மூச்சை வேகமாக இழுக்கும். அப்படி இழுப்பதால் ரத்தத்தின் ரசாயனம் நிலை மாறும். அதைச் சிறுநீரகம் சரிக்கட்ட ஒன்றிரண்டு நாளாகும். புதிய சிவப்பு அணுக்கள் தயாராகி வர வாரக்கணக்காகும். வண்டியை எவ்வளவு முறுக்கினாலும் இந்த வேலை வேகமாக நடக்காது.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சீன சரித்திர நூல் ஒன்றில், மேற்கே போகும் வழியில் 'பெரிய தலைவலி மலை', 'சின்னத் தலைவலி மலை' என்றே இரண்டு மலைகளுக்குப் பெயர் இருக்கிறது. நம் நாட்டில் 1962 யுத்தத்தின்போது சமவெளியிலிருந்த சிப்பாய்களை அவசரமாக இமயத்தின் உச்சிகளுக்கு அனுப்பவேண்டி வந்தது. பனிக்கும் குண்டுக்கும் மட்டுமல்ல, உயரத்துக்கும் அவர்கள் உடம்பைக் கொடுத்தார்கள். இந்திய ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய சகாக்களும் 1,925 சிப்பாய்களைக் கவனித்து, 1969-இல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டுரையை இந்தத் துறையில் இன்னமும் எடுத்துக் காட்டுகிறார்கள். நாலு பேர் உல்லாசமாக மோட்டார் சைக்கிளில் போகிறபோது கடைப்பிடிக்கிற ஜாக்கிரதைக்குப் பின்னால் அத்தனை பேருடைய தலைவலி இருக்கிறது.

ஓய்வு நாள் விடிந்தது. எழுந்து எங்கேயும் போகவேண்டியதில்லை என்பது முதல் ஒரு மணி நேரத்துக்குச் சுகமாயிருந்தது. அதற்கப்புறம் கை பரபரத்தது. பழக்கமில்லாதவனுக்குச் சும்மா இருப்பது சுலபமல்ல. ஆளாளுக்கு வண்டியைப் பிரிக்க உட்கார்ந்தோம்.

ஓடுகிற வண்டி தன் குறையைச் சொல்லாது, நின்றால்தான் சொல்லும். குலுக்கலில் கேரியர் போல்ட்டு ஒன்று பாதி கழன்றிருந்தது. பௌதிக ஆசிரியரின் பின் சக்கரத்தில் இரண்டு ஆரக்கம்பிகள் தளர்ந்திருந்தன. ஸ்பானரால் தட்டிப் பார்த்தால் மற்றவை 'டிங்' என்கின்றன, அவை இரண்டும் 'டொக்' என்கின்றன. என் வண்டியின் செயின் தொங்கியது. ஏர் பில்டரை எடுத்து உதறினால் மாவு சலித்த மாதிரி தூசி. மேலே கரடுமுரடான ஜல்லிப் பாதையில் இவற்றில் ஏதாவது ஒன்று கழன்று விழுந்திருந்தால் அது ஒரு பெரிய கதையாகியிருக்கும். இங்கே பத்து நிமிஷ வேலை. ஆசிரியர்கூட, "சரி சார், வண்டிக்கு ஓய்வு தேவைதான், ஒத்துக்கறேன்" என்றார்.

கூடாரங்களின் சொந்தக்காரர் லாஹூல்காரர். ஐம்பது வயதிருக்கும். பேசுவது கொஞ்சம், பார்ப்பது அதிகம். அவருடைய மனைவியும் இன்னும் இரண்டு பெண்களும் விடிந்ததிலிருந்து பட்டாணி பறித்துக்கொண்டிருந்தார்கள். கூடை நிரம்ப நிரம்பச் சாக்கில் கொட்டுவார்கள். லாரி வருவதற்குள் மூட்டை கட்டியாகவேண்டும். நாங்கள் ஓய்வு எடுத்துக்கொண்ட அந்தப் பகல் முழுவதும் அவர்கள் நிமிர்ந்து நான் பார்க்கவில்லை.

சமையற்கட்டில் இருந்தவர் நேபாளத்துக்காரர். அங்கே போய்ப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பருப்பும் அரிசியும் பிரஷர் குக்கரில்தான் வேகவேண்டும். திறந்த பாத்திரத்தில் வைத்தால் வேகவே வேகாது என்றார். பௌதிக ஆசிரியருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இந்த உயரத்துல தண்ணி ஏறக்குறைய தொண்ணூறு டிகிரியிலயே கொதிச்சிடும். அடுப்பை எவ்வளவு எரிச்சாலும் அதுக்கு மேல சூடு ஏறாது. ஒண்ணு, மூடி போட்டு அழுத்தம் கொடுக்கணும். இல்லேன்னா நேரம் கொடுக்கணும்" என்று பாடம் நடத்தினார். சமையற்காரர் மரியாதையாகத் தலையாட்டினார். அவருக்குத் தெரியாத விஷயமா அது!

கூடாரக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டது அப்போதுதான். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் நான் புரிந்துகொண்டது இது: "உங்க பையன் காலையில ரொட்டியைப் பிச்சுப் பிச்சு நாய்க்குப் போட்டுட்டான். ராத்திரியும் சரியாச் சாப்பிடலை. மலையில வர்றவங்களை நான் சாப்பாட்டு வேளையிலதான் பார்ப்பேன். தலை வலிக்குதுன்னு சொல்றவங்களைப் பத்திக் கவலை இல்லை. நான் கேக்காமலே 'நல்லாயிருக்கேன்'னு சொல்றாங்களே, அவங்களைத்தான் கவனிக்கணும்."

நானும் காலையிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். செயினுக்கு எண்ணெய் போடக் குனிந்தவன், நிமிரும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் நின்றான். ஆற்றங்கரைப் பாறைமேல் உட்கார்ந்திருந்தவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ராத்திரி தூங்கினியாடா?"

"தூங்கினேனே மாமா."

"ரெண்டு மணிக்கு நான் எழுந்தப்ப உன் கூடாரத்துல டார்ச் வெளிச்சம் தெரிஞ்சுதே?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆற்றில் ஒரு கல்லை எறிந்தான். நான் எழுந்திருக்கவில்லை. போகவேண்டிய இடம் எனக்கு ஒன்றுமில்லை, அவனுக்கும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து அவனாகவே சொன்னான்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்தே தலைவலி மாமா. ராத்திரி மண்டையைப் பொளந்துது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுது."

"ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? நாப்பத்தஞ்சு வயசுல நீங்க மூணு பேரும் சும்மா கல்லு மாதிரி இருக்கீங்க. நான் மட்டும் தலைவலின்னு படுத்தா? சார் வேற, ஒரு நாள் வீணாப்போச்சுன்னு வருத்தப்படறார். என்னால இன்னொரு நாளும் போகணுமா?"

உயரத்து நோய் வாலிபத்தையும் தேகப்பயிற்சியையும் பார்த்து வருவதில்லை. ஐந்து மைல் ஓடுகிறவனுக்கு வரும். ஐந்து மாடி ஏறாதவன் தப்பித்துக்கொள்வான். இதை அவனுக்குச் சொன்னேன். சொல்லும்போது என் மனம் வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அன்று காலை புறப்பட்டிருந்தால், அந்த நேரத்தில் நாங்கள் ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் இருந்திருப்போம். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, ஹெல்மெட் மறைத்திருக்கும். பேச்சும் காதில் விழாது. நின்ற இடத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் 'எல்லாம் சரி' என்று அர்த்தம். முதல் நாள் முழுவதும் நாலு பேரும் அப்படித்தான் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டே வந்தோம். அவனும் உயர்த்தினான். கணவாயிலும் உயர்த்தியிருப்பான்.

சாதாரணத் தலைவலியோடு நின்றால் ஆபத்தில்லை. அதைப் பொருட்படுத்தாமல் மேலே ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும், குடித்தவனைப்போல் கால் தடுமாறுவதும், பேச்சுக் குழறுவதும் அதன் அடையாளங்கள். அப்போது மருந்து தேடி நேரம் கடத்தக்கூடாது. உடனே கீழே இறங்கியாகவேண்டும்.

விஷயத்தைக் கேட்ட பாங்கி நண்பர் பதறவில்லை. தரையில் குச்சியால் நீளமாக ஒரு கோடு கிழித்தார். "தம்பி, இந்தக் கோட்டு மேல, ஒரு காலோட கட்டைவிரலை இன்னொரு கால் குதிகால் தொடற மாதிரி வைச்சு நட" என்றார். அவன் சிரித்துக்கொண்டே நடந்தான். கோணாமல் நடந்தான். பட்டாணி பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி அப்போதுதான் ஒரு கணம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இந்தக் கூத்தைப் பார்த்தாள். "தடுமாற்றம் இல்லை. சரி. தலைவலி போகிறவரைக்கும் ஓர் அடிகூட மேல ஏறறது இல்லை. ராத்திரி அதிகமானா, கேலாங் ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு. அப்படியும் கேக்கலேன்னா சுரங்கம் வழியா மணாலிக்கு இறங்கிடலாம்" என்றார் நண்பர். முதல் நாள் எங்களை அளவுக்கு மீறி வேகமாக ஏற்றிவிட்ட அதே சுரங்கம், இப்போது மனத்துக்கு ஒரு தைரியமாக இருந்தது.

எல்லோரும் பௌதிக ஆசிரியரைப் பார்த்தோம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "தண்ணி தொண்ணூறு டிகிரியில கொதிச்சா அரிசி மேல கோவிச்சுக்கிட்டு என்ன பண்றது? நேரம் கொடுக்கணும். படுத்துக்கப்பா" என்றார். அதற்குப் பிறகு லீவைப் பற்றி அவர் வாயைத் திறக்கவே இல்லை.

பையன் படுத்தான். நிறையத் தண்ணீரும் கொஞ்சம் கஞ்சியும் கொடுத்தோம். மறைத்ததைச் சொன்னதிலேயே பாதி வலி போன மாதிரி அவன் முகம் தெளிந்திருந்தது. நான் திரும்பவும் ஆற்றங்கரைக்குப் போனேன். காலையில் பாறைகளுக்கு நடுவே அடக்கமாகப் போய்க்கொண்டிருந்த பாகா, மூன்று மணிக்குப் பிறகு குரலை உயர்த்தத் தொடங்கியது. காலையில் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையை மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் மூடிவிட்டது. மழை ஒரு சொட்டுக்கூட இல்லை. மேலே பகல் வெயிலில் உருகிய பனி அவ்வளவும் சாயங்காலம் கீழே வந்து சேருகிறது. விடியற்காலையில் திரும்பவும் வற்றிவிடும். சாலையை ஓடைகள் குறுக்கிடுகிற இடங்களை வெயில் ஏறுவதற்குள் கடந்துவிடவேண்டும் என்று எல்லோரும் ஏன் சொல்கிறார்கள் என்பது, ஒரே ஆற்றை ஒரு முழு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு விளங்கியது.

மறுநாளும் ஜிஸ்பாவிலேயே இருந்தோம். அன்று மாலை மாத்திரை எதுவும் இல்லாமலே தலைவலி விட்டுவிட்டது. இரவுச் சாப்பாட்டில் பையன் நாலாவது ரொட்டிக்குக் கை நீட்டினான். கூடாரக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஒரு தரம் அசைத்தார். அவர் கொடுத்த சர்ட்டிபிகேட் அதுதான். அடுத்த நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். தார்ச்சா, குளிர்ந்த ஓடைகள், ஜல்லி, பனி, ஷிங்கு லா. கணவாயின் கீழே 4.1 கிலோமீட்டருக்கு ஒரு சுரங்கம் குடைவதற்கு 2024 ஜூலை 26-ஆம் தேதி முதல் வெடி வைத்தார்கள். அதுவும் முடிந்தால் ஜான்ஸ்கர் இன்னும் பக்கத்தில் வந்துவிடும். அப்போதும் ஜிஸ்பாவில் ஒரு நாள் நிற்கத்தான் வேண்டியிருக்கும்.

இந்த விஷயத்தைப் பிறகு பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை கோழையல்ல, பொய்யனும் அல்ல. கூட வருகிறவர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான் அவன் வாயைக் கட்டியது. எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவன் தன் வலியைச் சொன்னால், அது வலியைச் சொன்னதாக ஆகாது. மற்றவர்களை நிறுத்தினதாக ஆகும். அந்தப் பழியை யார் ஏற்பார்கள்? எல்லோரும் முன்னாலேயே நின்றுவிட்டால்தான் அவனுக்குப் பேச இடம் கிடைக்கும். ஓய்வு நாள் என்பது களைத்தவனுக்காக மட்டும் ஏற்பட்டதல்ல. 'களைத்துவிட்டேன்' என்று சொல்ல மாட்டாதவனுக்காக ஏற்பட்டது.

மலையில்தான் இப்படி என்றில்லை. காரியாலயத்திலும் வீட்டிலும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டே வருஷக்கணக்காக ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நோட்டுப் புத்தகத்தில் 'ஓய்வு' என்று எழுதிவைக்க ஒரு பாங்கி நண்பர் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் பிள்ளையை ஒப்படைக்க அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் தோசை வார்த்துக்கொண்டே விசாரித்தாள். எங்கெங்கே போனோம், என்னென்ன பார்த்தோம் என்று அவன் சொல்லிக்கொண்டு வந்தான். ஜிஸ்பா வந்தது.

"அங்க ரெண்டு நாள் சும்மா இருந்தோம்மா."

"நல்லா இருக்குடா! சும்மா இருக்கறதுக்கா அத்தனை ஆயிரம் செலவு பண்ணிக்கிட்டு அவ்வளவு தூரம் போனீங்க?" என்று சிரித்தாள் அக்கா. எங்கள் இரண்டு பேருக்கும் ஆறு ஆறு தோசை ஆகியிருந்தது. அவள் காலையிலிருந்து அந்த அடுப்பை விட்டு நகரவில்லை.

பையன் தட்டிலிருந்து தலை நிமிர்ந்து அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நீ சாப்பிட்டியாம்மா?" என்றான்.

"எனக்கென்னடா, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்பிடு" என்று சொல்லி, ஏழாவது தோசையைத் திருப்பிப் போட்டாள் அக்கா.